வலப்பக்கம் திறக்கும் வால்வு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அது பத்திரமாக இருந்தது. மற்றபடி யாருக்கும் அவர் 'நாலுசுத்து'தான்.

குடிநீர் அலுவலகத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு காலையில் கிளம்புவார். தெருவோரக் குழிகளின் மூடியை நெம்பித் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, இந்தத் தெருவுக்கு ஆறு சுற்று, அந்தத் தெருவுக்கு ஒன்பது சுற்று என்று திருகிவிடுவார். பள்ளத்துச் சந்துக்கு நாலு சுற்று. அதற்கு மேல் ஒரு சுற்று விட்டாலும் தண்ணீர் மொத்தமும் சரிவில் இறங்கி ஓடிவிடும், மேட்டுத் தெருவுக்கு ஏறாது. அதனால் சந்துக்காரர்கள் கெஞ்சினாலும் கொஞ்சினாலும், "நாலு சுத்துதான்மா" என்பதே அவர் பதில். அந்தப் பதிலே பேராகி ஒட்டிக்கொண்டது.

மேட்டுத் தெருவில்தான் அவர் வீடும் இருந்தது. அங்கேயும் அளவு அளவுதான். "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு சுத்து கூட விட மாட்டேங்கிற மனுஷனைப் பார்த்திருக்கீங்களா? எங்க வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்" என்று அவர் மனைவி சபையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. யாருக்கும் கூட்டாமல் குறைக்காமல் அளந்து விடுவதுதான் தன்னால் முடிந்த கிறிஸ்தவம் என்று நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சு, திங்கட்கிழமை முதல் சாவி. அதற்கு மேல் கடவுள் தன்னிடம் எதிர்பார்க்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

வால்வுகளுக்கெல்லாம் ஒரே சட்டம். வலப்பக்கம் திருகினால் மூடும், இடப்பக்கம் திருகினால் திறக்கும். பள்ளத்துச் சந்து வால்வு மட்டும் பிறவியிலேயே எதிர்க்கட்சி. அது வலப்பக்கம் திருகினால் திறக்கும். செய்த இடத்துக் கோளாறோ என்னவோ, பதினெட்டு வருஷத்துக்கு முன் அதைப் பதித்து மண்ணைத் தள்ளின பிறகுதான் ஃபிட்டரும் அவரும் கண்டுபிடித்தார்கள். மறுபடி தோண்ட யாருக்கு உடம்பு வளையும்? "நமக்குத் தெரிஞ்சா போதும், விடு" என்று ஃபிட்டர் கையைக் கழுவிவிட்டார். அந்த ஃபிட்டரும் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கவேண்டும் என்று நாலுசுத்து பத்துத் தடவை நினைத்தார். பதினோராவது தடவையும் நினைத்ததோடு சரி. ஆக, விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பள்ளத்துச் சந்தில் இரண்டு வருஷத்துக்கு முன் நாற்பது குடும்பங்கள் புதிதாக வந்து குடியேறின. அவர்கள் இருந்த இடத்தில் கலவரம். வீடுகள் எரிந்து, கட்டின துணியோடு வந்தவர்கள். காலியாகக் கிடந்த கிடங்குகளைத் தகரத்தால் தடுத்து அறை அறையாக்கி இருந்தார்கள். கும்பிடுகிற சாமி வேறு, பேசுகிற பேச்சில் இழுவை வேறு. ஒருத்தரை வெறுக்க இது போதாதா? மேட்டுத் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் பள்ளத்துக்காரன். கொடியில் காய்ந்த சட்டை காற்றில் பறந்து பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தாலும், அது கிடைக்கிற வரைக்கும் பள்ளத்துக்காரன்தான்.

அந்தச் சந்து முனையில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். வாசலில் மிஷின் போட்டு, தலையணை உறை தைத்துக்கொண்டிருப்பாள். வால்வுக் குழி அவள் வாசலுக்கு நேர் எதிரே. "அண்ணே, நேத்து ரெண்டு குடத்தோட நின்னு போச்சுண்ணே" என்பாள். அவர் நாலு சுற்று என்பார். "உங்களைப் பார்த்தா தண்ணி திறக்கறவர் மாதிரி தெரியலையே, கணக்கு வாத்தியார் மாதிரியில்ல இருக்கீங்க" என்று சிரித்துவிட்டு மிதிக்கத் தொடங்குவாள். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு புதன்கிழமை, மேற்பார்வையாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த மேற்பார்வையாளர் வாரத்தில் ஆறு நாள் அலுவலகத்தில் அதிகாரி, ஏழாம் நாள் சபையில் மூப்பர். காணிக்கைத் தட்டைப் பிடிக்கிற அதே கையால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிப்பார். மேசைமேல் ஒரு மனு கிடந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டது. பள்ளத்துச் சந்துக்குத் தண்ணீரை நிறுத்தவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தண்ணீர் நின்றால் ஆட்கள் தாங்களாகவே மூட்டை கட்டிவிடுவார்கள் என்பது திட்டம். இப்படி ஒன்று தெருவில் சுற்றியது நாலுசுத்துக்குத் தெரியவே தெரியாது.

"நாளையிலிருந்து பள்ளத்தை மூடிடுங்க. கேட்டா பைப் உடைஞ்சிருக்குன்னு சொல்லிடுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"உடையலையே சார்."

"சொல்லுங்கன்னுதானே சொன்னேன். உடைங்கன்னா சொன்னேன்?"

நாலுசுத்து கால் மாற்றி நின்றார். "எழுதிக் குடுங்க சார். மூடிடறேன்."

"இதையெல்லாம் எழுத்துல கேட்பாங்களா? நம்ம சபைக்காரர்னு நம்பித்தானே உங்ககிட்ட சொல்றேன்."

"நானும் அதை நினைச்சுத்தான் சார் கேட்கிறேன்."

இதை வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். அநியாயத்தை எதிர்த்து நிற்கிற எண்ணமெல்லாம் இல்லை. அந்தத் தையல்காரப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, பைப் உடைந்துவிட்டது என்று பொய் சொல்ல அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

மறுநாள் மேற்பார்வையாளரே ஜீப்பில் வந்து இறங்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். "சாவியைக் குடுங்க. ஒரு வால்வை மூடறதுக்கு எனக்கென்ன வேதாந்தமா தெரியணும்?" என்று வாங்கிக் குழிக்குள் விட்டார். வலப்பக்கமாகத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்தாவது சுற்றில் சாவி இறுகி நின்றது. முகமெல்லாம் வியர்வை, வியர்வைக்கு மேல் வெற்றி. "பார்த்தீங்களா, இவ்வளவுதான் வேலை. இதுக்குப் போய்ப் பேப்பர் கேட்டீங்களே!"

நாலுசுத்து மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் திருகினது மொத்தமும் திறப்பு. ஏற்கனவே இருந்த நாலோடு பத்து சேர்ந்து பதினாலு சுற்று. வால்வு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. 'சார்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிற வரைக்கும் அது அங்கேயே நின்றது.

அரைமணி நேரத்தில் சந்துக் குழாய் இருமிற்று, செருமிற்று, பிறகு பீறிட்டது. பெண்கள் குடம், வாளி, குண்டான், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டு ஓடிவந்தார்கள். "அண்ணே, இன்னிக்கு என்னண்ணே, குழாய்க்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று தையல்காரப் பெண் கத்தினாள். "பிடிச்சு வைம்மா, பிடிச்சு வை" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். அலுவலகம் போய்ச் சேருகிற வரைக்கும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தான் ஒன்றும் செய்யவில்லை, கை சுத்தம், கடவுள் பார்த்துச் செய்த வேலை என்று தோன்றியது. சபையில் சாட்சி சொல்கிறவர்கள் சொல்வார்களே, மனசு லேசானது என்று, அப்படி இருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குழாயடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். குழாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"என்னங்க இது? ஊருக்கெல்லாம் தண்ணி திறக்கறவர் வீட்டுல சொட்டுத் தண்ணி இல்லை."

"வரும், வரும்" என்றார். அலுவலகத் தொட்டியிலிருந்து இரண்டு குடம் பிடித்து சைக்கிளில் கொண்டுவந்து வைத்தார். வெள்ளிக்கிழமையும் காற்றுதான் வந்தது. சனிக்கிழமை அதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் மனைவி இரண்டு தெரு தாண்டிப் போய்த் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். நிறைமாசத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி இருந்த பெண் அவள். அவள் மூச்சு வாங்கிப் படியில் உட்காருவதை நாலுசுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிரிப்பு முழுக்க வடிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால் மேற்பார்வையாளர் உடனே இடப்பக்கம் திருகிப் பள்ளத்தை அடைத்துவிடுவார். சொல்லாவிட்டால் இந்தப் பெண் சுமக்கிறாள். தானே போய் நாலு சுற்றுக்கு இறக்கிவைக்கலாம் என்றால், மூடச் சொன்ன குழியில் சாவி விடுவதை யாராவது பார்த்தால் விஷயம் உடைந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு பக்கமும் தள்ளிப்போட்டார். ராத்திரி ஜெபத்தில் ஒழுங்காக ஒரு வாக்கியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், பிறரை நேசிப்பதைப் பற்றி. வருஷத்துக்கு நாலு தடவையாவது அது வரும், எல்லோரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடுவார்கள். அன்றைக்கு வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் பதினைந்து இருபது ஆண்கள் கூடி நின்றார்கள். யாரோ காலையில் பள்ளத்துச் சந்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதாம். துணி துவைக்கிறார்களாம், தரையைக் கழுவுகிறார்களாம்.

"என் கையால மூடின வால்வு அது" என்று மேற்பார்வையாளர் மார்பைத் தட்டிச் சொன்னார். "மூடினதுக்கு அப்புறமும் தண்ணி வருதுன்னா என்ன அர்த்தம்? மெயின் லைனை உடைச்சு நம்ம தண்ணியைத் திருடறாங்க."

"இங்க ஒரு பிள்ளைத்தாச்சி தண்ணி சுமக்குறா, அங்க தரை கழுவுறாங்களா?" என்றார் லாரி டிரைவர். அவர் கையில் கடப்பாரை இருந்தது. ஆராதனைக்கு வந்த இடத்தில் கடப்பாரை எங்கிருந்து முளைத்தது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு பேர் கையிலும் இருந்தது. "போய்க் குழாயைப் பிடுங்கி எறிவோம். தடுக்க வந்தா தடுக்கறவனையும் சேர்த்துப் பார்த்துக்கலாம்."

போதகர் படியில் நின்று, "சமாதானமா போங்க, சமாதானமா போங்க" என்று இரண்டு தடவை சொன்னார். ஆராதனை முடிவில் சொல்கிற அதே குரல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலுசுத்து அந்தக் கடப்பாரைகளைப் பார்த்தார். தான் வாயை மூடிக்கொண்டு செய்த உபகாரம் கடப்பாரையாகத் திரும்பி அந்த நாற்பது குடும்பத்துக்கு நேராகப் போகப்போகிறது. அங்கே முதல் வாசல் தையல் மிஷின் வாசல். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"யாரும் திருடலை" என்றார். சத்தம் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி, தொண்டையைத் திறந்து சொன்னார். "யாரும் திருடலை! அந்த வால்வு வலப்பக்கம் திருகினா திறக்கும். மத்ததுக்கெல்லாம் எதிர். சார் மூடறதா நினைச்சுத் திறந்துட்டுப் போயிட்டார்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தான். மேற்பார்வையாளரின் முகம் கறுத்தது.

"என்ன உளறுறீங்க?"

"உளறலை சார். பதினெட்டு வருஷமா நான்தான் அதைத் திருகுறேன். நீங்க பத்து சுத்து சுத்தினீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்ப உனக்குத் தெரியும்?" லாரி டிரைவர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "மூணு நாளா தெரியும்? என் பொண்டாட்டி உன் ஜன்னலுக்கு முன்னாலதானே குடத்தோட வந்து உட்கார்ந்தா?"

"தெரியும். பார்த்தேன்."

"பார்த்துட்டுமா வாயை மூடிட்டு இருந்தே?"

"இருந்தேன் தம்பி. அது தப்புதான். சொன்னா பள்ளத்துல தண்ணியை அடைச்சிருவாங்கன்னு இருந்தேன். அடைக்கச் சொல்லி ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது, வாய் வார்த்தைதான். ஆனா உங்க வீட்டுக்காரம்மா பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. அடிக்கணும்னா என்னை அடி. அங்க மட்டும் போகாதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

டிரைவர் ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. பிறகு சட்டையை ஒரு உதறு உதறி விட்டார். பை கிழிந்து தொங்கிற்று. "தூ! நீயெல்லாம் ஒரு அண்டை வீட்டுக்காரன்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அது சரியான ஏச்சுதான் என்று நாலுசுத்துக்குப் பட்டது. டிரைவர் போனபின் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பள்ளத்துப் பக்கம் யாரும் போகவில்லை.

பெண்கள் வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கிழிந்த சட்டையை வாங்கி ஊசி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இரண்டு தடவை கூப்பிட்டும் நிமிரவில்லை. வசவு வாங்குவதற்குத் தயாராக இருந்த மனுஷனுக்கு அந்த மௌனம்தான் கஷ்டமாக இருந்தது.

வால்வை மூட எழுத்தில் உத்தரவு கேட்டாரே, அது கடைசிவரை வரவில்லை. அவரைத் தற்காலிக வேலைநீக்கம் செய்கிற உத்தரவு திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் டைப் அடித்து, சீல் வைத்து, இரண்டு நகலோடு வந்துவிட்டது. சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒன்று நடந்தது. போதகர் ஞாயிறு முழுக்கத் தூங்கவில்லை போலிருக்கிறது. காலையில் அங்கியில்லாமல், சாதாரணச் சட்டையில், தலைமை அலுவலகத்துக்கே போய் இன்ஜினியரைப் பார்த்துவிட்டார். தண்ணீரை நிறுத்தச் சொன்னது யார், எந்த உத்தரவில் என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் இன்ஜினியர் ஒரு கடிதம் போட்டார். விசாரணை முடிகிற வரைக்கும் அந்தக் குழியில் யாரும் கை வைக்கக் கூடாது. மேற்பார்வையாளரும் கூடத்தான்.

ஆக, பள்ளத்தில் தண்ணீர் கொட்டிற்று. மேட்டில் குழாய் காய்ந்தது. சரிவில் இருநூறு அடி இறங்கினால் தண்ணீர். மேட்டுத் தெருவில் ஒருத்தரும் இறங்கவில்லை. இரண்டு தெரு தாண்டிப் போய்ச் சுமந்தார்களே தவிர, அந்தப் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி இரண்டு குடங்களை எடுத்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். "வாங்க."

"எங்கே?"

"கீழதான். வேற எங்க தண்ணி இருக்கு?"

சந்துக் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று நின்றது. தையல்காரப் பெண் தன் முறைக்குக் குழாயின் கீழ் வைத்திருந்த பாதிக் குடத்தை இழுத்து ஓரமாக வைத்தாள். அவர் மனைவியின் இடுப்பிலிருந்த குடத்துக்குக் கையை நீட்டினாள்.

மனைவி குடத்தை விடவில்லை. "இரும்மா. பிடிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்." "உங்களுக்குத் தண்ணியை நிறுத்தணும்னு ஒரு மனு போச்சே, அதுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நாலுசுத்து குடத்தோடு திரும்பினார். அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"தெரியும்கா" என்றாள் தையல்காரப் பெண். "ஜீப்புல வந்தவரு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே மறுபடி வந்து, எங்களை மிரட்டறதுக்கு அந்தப் பேப்பரை இங்க நின்னு பேர் பேரா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் போனார். உங்க பேரு பதினேழாவது." குடத்தை மெதுவாக வாங்கிக் குழாயின் கீழ் வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "அண்ணே, அந்தக் குடத்தையும் குடுங்க. பார்த்துத் தூக்கிட்டுப் போங்க, மேட்டுல பாசி வழுக்கும்" என்றாள்.

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அழுதாள். யாரோ அவளை ஒரு கல்லில் உட்காரவைத்தார்கள்.

மேட்டில் பாதி ஏறினார்கள். அவரால் தாங்க முடியவில்லை. "இதை ஏன் என்கிட்ட நீ சொல்லலை?"

"நீங்க மட்டும் மூணு நாளா என்கிட்ட சொன்னீங்களா?" என்றாள் அவள்.

இருவரும் மூச்சு வாங்கக் குடத்தை இறக்கி வைத்தார்கள். அது லாரி டிரைவர் வீட்டுப் படி. டிரைவரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நிறைந்த குடங்களைப் பார்த்தாள், பிறகு அவை வந்த திசையைப் பார்த்தாள்.

"இதை நீ வச்சுக்கோ" என்று நாலுசுத்தின் மனைவி தன் குடத்தை அவள் வாசலுக்குள் நகர்த்தினாள். "போய் உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடு. கீழ நிறைய வருது. கேட்டா குடுக்கறாங்க."

"ஐயோ அக்கா, அவர் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போவார்? கடப்பாரை எடுத்துட்டுக் கிளம்பினவரு."

"இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். நாங்க போயிட்டு வரலையா?"

உள்ளே டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையிலும் வெற்றுக் குடத்தோடு வெளியே வந்தார். நாலுசுத்தைப் பார்க்காமல், "வழி தெரியாது, கூட வாங்கண்ணே" என்றார்.

பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கிற மனுஷன். இருநூறு அடி தூரம், திருப்பமே கிடையாது. நாலுசுத்து அவருக்கு முன்னால் இறங்கினார்.